யாரோடு சாப்பிட்டாய்?



பிழைப்புக்காக நகரத்துக்கு வந்த பிள்ளைகளிடம், ஊரிலிருக்கும் தாய்மார் தொலைபேசியில் கேட்கும் முதல் கேள்வி, "சாப்பிட்டியாப்பா?" என்பதே. மகளானால், "சாப்பிட்டியாம்மா?" பிள்ளையும் "சாப்பிட்டேன்மா" என்று சொல்லிவிடுகிறது. பெரும்பாலும் அது உண்மையே. தாயின் மனம் ஆறிவிடுகிறது. ஆனால் அதற்கு அடுத்த கேள்வியை ஏறக்குறைய எவரும் கேட்பதில்லை. "யாரோடு சாப்பிட்டாய்?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகளிடமிருந்து உடனே பதில் வராது. சற்று நேரம் மௌனமே வரும். அந்த மௌனத்தைக் குறித்தே இம்மாதம் சிந்திப்போம்.

நகரத்துக்கு வந்த வாலிபருக்கு உண்டாகும் ஆபத்துகள் என்று நாம் வழக்கமாகப் பட்டியலிடுவது குடி, தீய சிநேகிதம், கடன், கைப்பேசி. இவை எல்லாம் மெய்யான ஆபத்துகளே. ஆயினும் இவற்றில் பலவற்றுக்கும் முன்னே நடந்துபோகிற ஒன்று உண்டு. அதன் பெயர் தனிமை. அது கெட்ட பெயர் எடுப்பதில்லை, சத்தம் போடுவதில்லை, வாடகையை ஒழுங்காகக் கட்டுகிறது, ஞாயிறு ஆராதனைக்கும் தவறாமல் வருகிறது. ஆகவேதான் நாம் அதைக் கவனிப்பதில்லை.

வந்தேறிகள் கட்டிய ஊர்

நம் வாசகர்களில் சிலருக்குக் கோலார் தங்கவயலே தாய்வீடு. அங்குள்ள சாம்பியன் ரீப்ஸ் பகுதியைச் சற்று எண்ணிப் பாருங்கள். அதன் பெயரே அந்நியப் பெயர். தங்கம் பொதிந்த பாறைநரம்பை ஆங்கிலச் சுரங்கத் தொழிலில் 'ரீப்' என்பார்கள். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்னும் ஆங்கிலேய நிறுவனம் கோலாரில் கால் வைத்தது. அதன்பின் அங்கு பெருகிய சுரங்கங்களில் சாம்பியன் ரீப் மிக ஆழமானது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே மனிதர் இறங்கி வேலை செய்த இடம் அது.

அந்த ஊரில் ஏறக்குறைய எல்லாரும் வந்தேறிகளே. வட ஆற்காடு, சேலம், சித்தூர் ஜில்லாக்களிலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணையடிமைத்தனத்துக்கும் தப்பி வந்த தமிழரும் தெலுங்கரும் சுரங்கத்தில் இறங்கினார்கள். அவர்களுக்கு மேலதிகாரிகளாய் வந்தவர்களில் பலர் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வால் பகுதியினர். அவர்களும் பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவர்களே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கார்ன்வாலின் செம்பு, வெள்ளீயச் சுரங்கங்கள் நொடித்துப்போயின. அவ்வூர் ஆண்கள் ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் கோலாருக்கும் சிதறினார்கள். ஒருவர் பங்களாவில் இருந்தார், ஒருவர் லைன் வீட்டில் இருந்தார்; சம்பளத்திலும் மரியாதையிலும் அவர்களுக்கிடையே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருந்தது. ஆனால் சொந்த மண்ணை விட்டு வந்த ஏக்கம் இரண்டு வீட்டிலும் இருந்தது.

லைன் வீட்டு ஜனங்கள் அந்த ஏக்கத்தை எப்படித் தாங்கினார்கள்? ஓர் அறை, ஒரு திண்ணை, பொதுக்குழாய், பொதுக் கழிப்பிடம். அடுத்த வீட்டுக் குழந்தை இருமினால் இந்த வீட்டில் கேட்கும். இவர்கள் வீட்டுக் குழம்பு அவர்கள் வீட்டுக்குப் போகும். இரத்த சம்பந்தம் இல்லாதவரும் மாமா ஆனார், அண்ணன் ஆனார், அக்கா ஆனாள். பூமிக்கடியில் பாறை வெடித்துச் சரியும் 'ராக் பர்ஸ்ட்' விபத்துகள் தங்கவயலில் அடிக்கடி நேர்ந்தன. எந்த வீட்டு ஆண்மகனுக்கு என்ன நேர்ந்ததோ என்ற பயம் லைன் முழுவதற்கும் பொதுவாயிருந்தது. பயம் பொதுவானபோது சோறும் பொதுவாயிற்று.

அக்காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. பாறைத்தூசியால் நுரையீரல் கெட்டு மாண்டவர் அநேகர். ஜாதி வேற்றுமை சுரங்கத்தின் மேலும் இருந்தது, கீழும் இருந்தது. ஒருவருடைய குடும்பச் சண்டை ஊருக்கே தெரிந்துவிடும் சங்கடமும் இருந்தது. ஆனால் ஒன்று மட்டும் அங்கே அரிது: ஒரு மனிதன் மூன்று நாள் வெளியே வராமல் இருந்து, அதை எவரும் அறியாமல் போவது.

சங்கு நின்றபின்

2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. 120 ஆண்டுகளாக ஊரை எழுப்பிய சங்கு நின்றது. காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து 1902லேயே மின்சாரம் பெற்ற ஊர் தங்கவயல். பெங்களூர் நகரத்துக்கு அது 1905இல்தான் கிடைத்தது. ஒருகாலத்தில் நகரத்துக்கு முன்னே நடந்த ஊர், இப்போது தன் பிள்ளைகளை நகரத்துக்கு அனுப்பத் தொடங்கியது. மாரிகுப்பம், சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் ஆகிய நிலையங்களில் விடியுமுன்னே ரயிலேறி, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் பிரயாணம் செய்து பெங்களூரில் வேலை பார்த்து, இரவில் வீடு திரும்புவோர் இன்றும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

அவர்களுடைய பிரயாசம் பெரிது. உறக்கம் குறைவு, பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் வீட்டில் இருப்பதே அபூர்வம். என்றாலும் அந்த ரயில் பெட்டியில் அவர்களுக்கு ஒரு லைன் வீடு உண்டு. தினமும் அதே இருக்கை, அதே முகங்கள், பகிர்ந்துண்ணும் டிபன் டப்பா. இடம் பிடித்து வைப்பவர் ஒருவர். இரண்டு நாள் வராவிட்டால் விசாரிப்பவர் ஒருவர்.

ரயிலைவிட்டு நகரத்திலேயே தங்கிவிட்ட வாலிபனின் நிலைமை வேறு. பேயிங் கெஸ்ட் விடுதியில் ஒரு கட்டில், ஒரு அலமாரி. பக்கத்துக் கட்டிலில் இருப்பவனுக்கு இரவு ஷிப்ட். இவன் வரும்போது அவன் போய்விடுவான். இருவரும் ஆறுமாதம் ஒரே அறையில் இருந்தும் ஒருவர் ஊர்ப்பெயர் மற்றவருக்குத் தெரியாது. வாரநாட்களில் வேலை அவனை இழுத்துக்கொண்டு போகிறது. ஞாயிறு மாலையில்தான் அது அவனைக் கீழே இறக்கிவிடுகிறது. சில விடுதிகளில் ஞாயிறு இரவு சமையலும் கிடையாது. பார்சல் வாங்கி, கட்டிலின்மேல் செய்தித்தாளை விரித்து, கைப்பேசியைத் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்து, அதில் ஓடும் படத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறான். அவ்வேளையில்தான் ஊரிலிருந்து அழைப்பு வருகிறது: "சாப்பிட்டியாப்பா?"

வியன்னாவில் ஒரு வாலிபன்

இது ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் வரும் துன்பம் என்றோ, திறமை இருந்தால் வராது என்றோ எண்ணவேண்டாம். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு போலந்து தேசத்து வாலிபனைப் பாருங்கள். அவன் பெயர் பிரெடெரிக் ஷோபின். பியானோ வாசிப்பதில் உலகப் புகழ் பெற்றவன். 1830 நவம்பர் 2ஆம் தேதி, தன் இருபதாம் வயதில், வார்சா நகரத்தைவிட்டு ஆஸ்திரியாவின் வியன்னாவுக்குப் புறப்பட்டான். டைட்டஸ் என்ற நண்பன் வழித்துணையாய் வந்தான். இருவரும் வியன்னா சேர்ந்து சில நாட்களுக்குள், போலந்தில் ரஷ்ய ஆட்சிக்கு எதிராகக் கலகம் வெடித்த செய்தி வந்தது. நண்பன் போரில் சேரத் தாய்நாட்டுக்குத் திரும்பினான். ஷோபின் தனியே நின்றான்.

அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் இரவில் அவன் வியன்னாவின் ஸ்தேவான் பேராலயத்துக்குத் தனியாக நடந்து போனான். ஜனங்கள் இன்னும் வந்து சேரவில்லை. ஆலயத்தின் இருண்ட ஒரு மூலையில், ஒரு தூணின் அடியில் நின்றான். பின்னர் கூட்டம் வந்தது, விளக்குகள் எரிந்தன. அவனுக்கோ தன் அநாதரவான நிலை அதற்குமுன் அவ்வளவு தெளிவாய்த் தெரிந்ததில்லை. ஜான் மட்டுஷின்ஸ்கி என்ற நண்பனுக்கு அவன் எழுதிய கடிதத்தால் இதை அறிகிறோம். கனவான்கள் வீட்டு விருந்துகளில் சாந்தமானவன்போல் காட்டிக்கொள்வதாகவும், அறைக்குத் திரும்பியபின் தன் வேதனையை எல்லாம் பியானோவின்மேல் கொட்டுவதாகவும் அதில் எழுதியிருந்தான்.

இங்கே பெற்றோர் கவனிக்கவேண்டிய காரியம் ஒன்று உண்டு. அதே நாட்களில் அவன் தன் வீட்டாருக்கும் கடிதம் எழுதினான். அதில் சந்தித்த பெரியவர்கள், கேட்ட இசை, நகரத்துச் செய்திகள் என்று கலகலப்பாய் எழுதினான். வீட்டுக்கு ஒரு கடிதம். நண்பனுக்கு வேறொரு கடிதம். பொய் சொல்லவேண்டும் என்று அவன் அப்படிச் செய்யவில்லை. பெற்றோரைக் கலங்கவைக்க மனமில்லாமல் செய்தான். நம் பிள்ளைகள் "நல்லா இருக்கேன்மா" என்று சொல்வதும் அதே அன்பினால்தான்.

ஷோபின் பிறகு தன் தாய்நாட்டைக் காணவே இல்லை. 1831இல் பாரிஸ் சேர்ந்தான். புகழும் பணமும் வந்தன. பெற்றோரை 1835இல் ஒரேயொரு முறை, கார்ல்ஸ்பாத் என்ற ஊரில் சந்தித்தான். 1849இல் பாரிஸிலேயே மரித்தான். அவனுடைய இருதயத்தை மட்டும் அவன் சகோதரி லுட்விகா வார்சாவுக்குக் கொண்டுபோனாள். அங்கே ஓர் ஆலயத்தூணில் அது வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அவனுடைய சரித்திரத்தில் நம் மனதைத் தேற்றும் சம்பவமும் ஒன்று உண்டு. அந்தக் கிறிஸ்துமஸ் கடிதத்தைப் பெற்ற நண்பன் மட்டுஷின்ஸ்கி மருத்துவம் படித்து, 1834இல் பாரிஸுக்கு வந்து, ஷோபினின் வீட்டிலேயே இரண்டு ஆண்டுகள் தங்கினான். புகழால் தீராத தனிமைக்கு, கூட இருந்து சாப்பிட ஒருவன் வந்தான்.

நம் தேசத்துக்கு வந்த போலந்துப் பிள்ளைகள்

அந்நியருக்குப் பந்தியில் இடம் கொடுத்த சம்பவம் நம் இந்தியாவிலும் உண்டு. அதிலும் போலந்து மக்களே வருகிறார்கள். இரண்டாம் உலகப்போரில், 1940, 1941ஆம் ஆண்டுகளில், கிழக்குப் போலந்திலிருந்து லட்சக்கணக்கானோர் சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் சோவியத் அரசால் நாடு கடத்தப்பட்டனர். பசியிலும் குளிரிலும் பெற்றோரை இழந்த பிள்ளைகள் பலர், 1942இல் ஈரான் வழியாகவும் மத்திய ஆசியா வழியாகவும் வெளியேறினார்கள். அவர்களை ஏற்றுக்கொள்ள முன்வந்தவர்களில் ஒருவர், இன்றைய குஜராத்திலுள்ள நவாநகர் சமஸ்தானத்தின் ஜாம் சாகேப் திக்விஜய்சிங்ஜி. ஜாம்நகர் அருகே பாலாசடியில், கடற்கரையோரம், நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அவர் இருப்பிடம் அமைத்தார். தம்மைத் தகப்பனாகவே எண்ணும்படி அவர்களிடம் சொன்னார். பிள்ளைகளும் அவரை 'பாபு' என்று அழைத்தார்கள். கோலாப்பூர் அருகே வளிவடேயில் 1943 முதல் 1948 வரை ஏறக்குறைய ஐயாயிரம் போலந்து மக்கள் வாழ்ந்தனர். அவர்களுக்கென்று பள்ளியும் ஆலயமும் மருத்துவமனையும் அங்கே இருந்தன.

உணவும் கூரையும் கொடுத்தால் போதும் என்று அவர்களை வரவேற்றவர்கள் எண்ணவில்லை. தங்கள் பாஷையில் படிக்கவும், தங்கள் பண்டிகையைக் கொண்டாடவும், கூடி விளையாடவும் இடம் கொடுத்தார்கள். வார்சாவில் இன்று 'நல்ல மகாராஜா' என்ற பெயரில் ஒரு சதுக்கம் இருக்கிறது. முதியோரான அப்பிள்ளைகள் சாகும்வரை பாலாசடியை மறக்கவில்லை.

தனிமை ஒரு பாவமா?

இனி நம் சபைகளுக்குள் வருவோம். நம்மிடையே ஒரு பழக்கம் உண்டு. ஒரு வாலிபன், "மனசு சரியில்லை, ஊருக்குப் போய்விடலாம் போலிருக்கிறது" என்றால், உடனே, "தம்பி, உங்களுக்கு ஜெபம் குறைந்துவிட்டது" என்கிறோம். நல்ல மனதோடுதான் சொல்கிறோம். ஆனால் அதன் பலன் என்ன? ஏற்கெனவே தனித்திருப்பவன், இப்போது குற்றமனதோடும் தனித்திருக்கிறான். அடுத்தமுறை அவன் நம்மிடமும் "நல்லா இருக்கேன் பிரதர்" என்றே சொல்லுவான்.

வேதத்தைத் திறந்து பாருங்கள். வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழ் படுத்து, சாகவேண்டும் என்று கேட்ட எலியாவுக்கு, ஜெபம் போதவில்லை என்று எவரும் சொல்லவில்லை. முதலில் அவனுக்குத் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வந்தன. உறங்கினான். மறுபடியும் ஆகாரம் வந்தது. கடைசியில் எலிசா என்ற ஒரு துணை காட்டப்பட்டான். பவுல் அப்போஸ்தலனைப் பாருங்கள். சிறையில் லூக்கா மாத்திரம் தன்னோடிருப்பதாகத் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். துரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும் புத்தகங்களையும் கொண்டுவரச் சொல்கிறார். குளிர்காலத்துக்கு முன் வந்துவிடும்படி கெஞ்சுகிறார். அத்தனை விசுவாசமுள்ளவருக்கும் ஒரு போர்வையும் ஒரு நண்பனும் வேண்டியிருந்தது. தனித்திருந்து ஜெபிப்பது வேறு. யாருமில்லாமல் தவிப்பது வேறு. முதலாவது நாமே தேடிப்போவது. இரண்டாவது நம்மேல் வந்து விழுவது.

மருத்துவ உலகமும் இதை வெகு காலமாய் அறிந்திருக்கிறது. 1688இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் யோஹன்னஸ் ஹோபர் என்ற மருத்துவ மாணவர் வீட்டு ஏக்கத்தை ஒரு நோயாகவே விவரித்து, அதற்கு 'நாஸ்டால்ஜியா' என்று பெயரிட்டார். பெர்ன் நகரத்திலிருந்து பாசலுக்குப் படிக்க வந்து, ஏக்கத்தால் மரணப் படுக்கையில் விழுந்த ஒரு மாணவன், வீட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்டபோது வழியிலேயே தேறத் தொடங்கியதை அவர் எழுதியிருக்கிறார். 2025 ஜூன் மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறுபேரில் ஒருவர் தனிமையால் வருந்துவதாகவும், ஆண்டுதோறும் 8,71,000க்கும் மேற்பட்ட மரணங்களோடு தனிமைக்குத் தொடர்பு இருப்பதாகவும் கூறுகிறது. 13 முதல் 29 வயதுவரை உள்ளவர்களில் நூற்றுக்கு 17 முதல் 21 பேர் தனிமையை உணர்வதாகவும் அதே அறிக்கை கூறுகிறது. நம் வாலிபர் ஐக்கியத்தில் முப்பது பேர் இருந்தால், ஐந்தாறு பேர் அப்படியிருக்கக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள்.

நாம் என்ன செய்யலாம்?

பெற்றோரே, தொலைபேசியில் கேள்வியை மாற்றுங்கள். "சாப்பிட்டியா?" என்பதோடு, "யாரோடு சாப்பிட்டே?" என்றும் கேளுங்கள். "தனியாத்தான்" என்று பதில் வந்தால் பதறவேண்டாம். உடனே புத்தி சொல்லவும் வேண்டாம். "அப்படியா, சொல்லுப்பா" என்று கேட்டுக்கொண்டிருங்கள். பணம் எவ்வளவு அனுப்புவாய் என்ற பேச்சை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுரங்கம் மூடியபின் வீட்டுப் பாரத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட பிள்ளைகளுக்கு, தாங்கள் சம்பாதிப்பவர் மாத்திரமல்ல, பிள்ளைகளும்கூட என்று கேட்பது ஆறுதல்.

வாலிபரே, உங்கள் ஏக்கத்தைக் குறித்து வெட்கப்படாதிருங்கள். நேசிக்க ஒரு வீடு இருந்ததால்தான் ஏக்கம் வருகிறது. ஷோபினைப்போல, உண்மையை எழுத ஒரு நண்பனையாவது வைத்துக்கொள்ளுங்கள். வந்த நகரத்தின் பாஷையைக் கற்றுக்கொள்ளுங்கள். பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்குக்கூட எரேமியா எழுதியனுப்பிய ஆலோசனை, அங்கே வீடு கட்டித் தோட்டம் போட்டு வாழுங்கள் என்பதே. டீக்கடைக்காரரிடம் நாலு வார்த்தை கன்னடத்தில் பேசிப் பாருங்கள். அந்தத் தெரு உங்களை அடையாளம் கண்டுகொள்ளும். உறக்கமின்மை, அழுகை, உயிர்மேல் வெறுப்பு ஆகியவை நாட்கணக்கில் நீடித்தால் தாமதிக்காதீர்கள். 14416 என்ற இலவச எண்ணில் மத்திய அரசின் டெலி-மானஸ் சேவை 2022 முதல் இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். பெங்களூரிலேயே நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. வைத்தியரிடம் போவது அவிசுவாசம் அல்ல. லூக்காவே வைத்தியர்தான்.

சபையாரே, ஆராதனை முடிந்தவுடன் கடைசி வரிசையிலிருந்து எழுந்து, எவரோடும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போகிற பிள்ளையைக் கவனியுங்கள். வாசலில் கைகுலுக்கி "ஸ்தோத்திரம்" சொன்னதோடு கடமை முடிந்துவிடவில்லை. மோவாப் தேசத்துப் பெண்ணாகிய ரூத்துக்குப் போவாஸ் கதிர் பொறுக்க வயல்வெளியை மட்டும் கொடுக்கவில்லை. சாப்பாட்டு வேளையில் தன் வேலைக்காரரோடு உட்காரச் சொல்லி, வறுத்த கோதுமையைத் தன் கையால் எடுத்துக் கொடுத்தான். வேலை கொடுப்பது வேறு, பந்தியில் இடம் கொடுப்பது வேறு. இரண்டையும் அவன் அறிந்திருந்தான்.

விருந்து செய்யவேண்டியதில்லை. விருந்தென்றால் வருகிறவனுக்கும் கூச்சம், நமக்கும் செலவு. வீட்டில் உள்ள ரசமும் ஒரு பொரியலும் போதும். வந்த பிள்ளையை விருந்தாளியாய் நாற்காலியில் உட்காரவைத்து வேடிக்கை பார்க்காமல், வெங்காயம் உரிக்கச் சொல்லுங்கள். தட்டுகளைப் போடச் சொல்லுங்கள். 'எப்போது கல்யாணம், எவ்வளவு சம்பளம்?' என்ற கேள்விகளைத் தவிருங்கள். பெண்பிள்ளைகளை அழைக்கும்போது வீட்டுப் பெண்கள் இருக்கும் வேளையில், இருவராய் அழையுங்கள். இருட்டுமுன் பத்திரமாய்க் கொண்டுபோய் விடுங்கள்.

தமிழ்ப் பிள்ளைகளை மட்டும் நினைக்கவேண்டாம். நம் தெருவிலேயே மணிப்பூர், நாகாலாந்துப் பிள்ளைகளும், பீகார், ஒடிசா கட்டடத் தொழிலாளரும், ஆப்பிரிக்க மாணவரும் இருக்கிறார்கள். 2012 ஆகஸ்டில் வெறும் வதந்திக்குப் பயந்து வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கானோர் பெங்களூரிலிருந்து ரயிலேறி ஓடிப்போனது நினைவிருக்கும். "பயப்படாதே, எங்கள் வீட்டுக்கு வா" என்று சொல்ல ஒரு பக்கத்து வீட்டுக்காரர் இருந்திருந்தால், அவர்களில் சிலராவது தங்கியிருப்பார்கள் அல்லவா? இன்று நம் பிள்ளைகளும் படிப்பைத் தேடி, வேலையைத் தேடி, அதே போலந்து தேசம்வரை போகிறார்கள். வார்சாவில் பனி கொட்டும் ஒரு ஞாயிறு மாலையில், முன்பின் அறியாத ஒரு போலந்துத் தாய், "உள்ளே வா, சூடாக சூப் இருக்கிறது" என்று நம் பிள்ளையை அழைத்தால் நாம் எவ்வளவு சந்தோஷப்படுவோம்! அதே சந்தோஷத்தை எங்கோ இருக்கும் இன்னொரு தாய்க்கு நாம் இங்கிருந்து கொடுக்கலாம்.

68ஆம் சங்கீதம், தனித்தவர்களுக்குக் குடும்பத்தை அமைத்துக்கொடுக்கிற தேவனைக் குறித்துப் பாடுகிறது. அந்தக் குடும்பம் வானத்திலிருந்து இறங்கி வருவதில்லை. அது நம் அடுப்படியிலேயே இருக்கிறது.

ஆகவே இம்மாதம் ஒரு ஞாயிறு, அரிசி களையும்போது ஒரு பிடி கூடுதலாய்ப் போடுங்கள். யாரை அழைப்பது என்று புறப்படுமுன்னே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். ஆராதனை முடிந்ததும் முதல் வேலையாக அந்தப் பிள்ளையிடம் போய்ப் பேருந்துக்கு அவசரமா என்று கேளுங்கள். இல்லையென்றால் வீட்டுக்கு அழைத்து வாருங்கள். அன்றிரவு ஊரிலிருந்து வரும் அழைப்புக்கு அந்தப் பிள்ளை சொல்ல ஒரு பெயர் இருக்கும்.

கர்த்தர் உங்கள் பந்தியை ஆசீர்வதிப்பாராக.